துணைக்கு எந்தப் புனிதர்? நான்கு பேரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

யாங்கோன் தமிழ்க் கத்தோலிக்கர் வீடுகளில் புனிதர் இல்லாத பீடத்தைப் பார்ப்பது அரிது. நடுவில் வேளாங்கண்ணி மாதா இருப்பார். ஒரு பக்கம் அந்தோணியார், இன்னொரு பக்கம் சவேரியாரோ செபஸ்தியாரோ. பிள்ளைக்குத் தேர்வு, மகனுக்கு மலேசியா விசா, கழுத்துச் சங்கிலி காணவில்லை, கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்றால் மெழுகுதிரி ஏறும், நேர்ச்சை போகும். காரியம் முடிந்ததும் அவர் மறுபடி சுரூபமாகிவிடுவார். மற்ற நாட்களில் அவரிடம் பேச நமக்கு ஒன்றும் இருப்பதில்லை.

உறுதிபூசுதல் என்ற அருட்சாதனத்துக்குப் பெயர் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகளும், தவக்காலத்தில் செப வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்க நினைக்கும் பெரியவர்களும் மறைக்கல்வி வகுப்புகளில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நாளெல்லாம் கூட வரும் துணையாக ஒரு புனிதரை வைத்துக்கொள்வதென்றால் யாரை வைத்துக்கொள்வது? யார் அதிக வல்லமையுள்ளவர் என்று பார்த்துப் பலரும் முடிவெடுக்கிறார்கள். என் கருத்தில் அதைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட கொள்கை விளக்கத்தின் 51ஆம் எண், புனிதர்களிடம் நாம் தேட வேண்டிய மூன்றைச் சொல்கிறது: அவர்கள் வாழ்ந்த வாழ்வில் முன்மாதிரி, அவர்களோடு உள்ள ஒன்றிப்பில் தோழமை, அவர்களுடைய பரிந்துரையில் உதவி. இதில் மூன்றாவதை நாம் நன்றாகவே செய்கிறோம். முதலாவது திருவிழா மறையுரையில் வந்துபோகும். நடுவில் இருக்கும் தோழமையைத்தான் யாரும் தொடுவதில்லை. எனவே இந்த ஒப்பீட்டில் தோழமையைத்தான் அளவுகோலாக வைக்கிறேன். இவரை எனக்கு அறிமுகம் செய்துகொள்ள முடியுமா? இவர் பட்ட பாட்டில் என் பாடு எதுவும் தெரிகிறதா? ஒன்றும் கேட்காமல் இவரோடு பத்து நிமிடம் உட்கார முடியுமா? இந்த மூன்றையும் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்க்கிறேன்.

மாதாவை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அவர் எல்லோருக்கும் தாய். யாரைத் துணையாக எடுத்தாலும் அவர் இருந்த இடத்திலேயே இருப்பார். ஆண்டுதோறும் லூர்து மாதா திருவிழாவுக்கு ஞாவுங்லேபின் போகிறவர்கள் அதை நிறுத்த வேண்டியதும் இல்லை.

முதலில் அந்தோணியார். நம்மவர்களில் பெரும்பாலோருக்கு இவர் ஏற்கெனவே வீட்டுக்குள் இருப்பவர். செவ்வாய்க்கிழமை பக்தி அவர் அடக்கம் செய்யப்பட்ட கிழமையை ஒட்டி வந்தது. யாங்கோன் அந்தோணியார் கோவிலில் அன்றைக்கு மெழுகுதிரி ஏற்றுகிறவர்களில் பக்கத்து வீட்டுப் பௌத்தர்களும் உண்டு. இப்படி எல்லோரும் தேடிவரும் ஒருவரைத் துணையாக வைத்துக்கொள்வதில் ஒரு பலம் இருக்கிறது. நாம் தனியாக இல்லை. நவநாள் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, அவருடைய திருநாளான ஜூன் 13 வந்தால் தேர் இருக்கிறது. செபிக்க மனம் வராத வாரத்திலும் ஊர் சேர்ந்து நம்மை இழுத்துக்கொண்டு போகும்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. கோடி அற்புதர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்த மனிதரை அற்புதங்களுக்குப் பின்னால் மறைத்துவிட்டோம். அவர் பிறந்தது 1195இல் லிஸ்பனில், பெயர் பெர்னாண்டோ. அகுஸ்தீன் சபைத் துறவியாகக் கோயம்பிராவில் படித்துக்கொண்டிருந்தார். மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் 1220இல் அந்த ஊருக்கு வந்தன. அதைப் பார்த்ததும் சபை மாறினார். தானும் மொராக்கோ போய் மறைசாட்சியாகச் சாக வேண்டும் என்று கப்பல் ஏறினார். போன இடத்தில் நோயில் விழுந்தார். ஒன்றும் செய்ய முடியாமல் திரும்பும்போது புயல் அந்தக் கப்பலைச் சிசிலியில் கொண்டுபோய்த் தள்ளியது. யாருக்கும் தெரியாதவராக இத்தாலியில் மொந்தெபவோலோ என்ற ஒதுங்கிய ஆசிரமத்தில் இருந்தார். 1222இல் போர்லியில் நடந்த ஒரு குருப்பட்ட நிகழ்வில் மறையுரைக்கு ஆள் இல்லாமல் போய், இவரை எழுந்து பேசச் சொன்னார்கள். அதன் பிறகுதான் உலகத்துக்கு அந்தோணியாரைத் தெரிய வந்தது. நினைத்த ஊருக்குப் போகாமல், நினைக்காத ஊரில் கரை ஒதுங்கி, அங்கேயே வேர் விட்ட மனிதர் இவர்.

நம் குடும்பக் கதைகளை எடுத்துப் பாருங்கள். தாத்தா கப்பலில் வந்தார். 1942இல் ஒரு கூட்டம் நடந்தே இந்தியாவுக்குப் போனது, பாதிப் பேர் போய்ச் சேர்ந்தார்களா என்றே பல வீடுகளுக்குத் தெரியாது. 1960களில் கடைகள் அரசுடைமையான பிறகு இன்னொரு கூட்டம் போய்ச் சென்னையில் பர்மா பஜார் போட்டது. தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது, 2024இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, பாங்காக்குக்கும் கோலாலம்பூருக்கும் வழி தேடுகிறார்கள். சங்கிலியைக் கண்டுபிடித்துத் தரும்படி அந்தோணியாரிடம் கேட்கிறோம், சரி. திட்டமெல்லாம் உடைந்துபோன நாளில் உட்கார்ந்து பேச அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

கடன்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1231 மார்ச்சில், அவர் இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, இத்தாலியின் பதுவை நகரம் தன் கடன் சட்டத்தை அவர் கேட்டுக்கொண்டதால் மாற்றியது. தன்னிடம் உள்ளதை ஒப்படைத்துவிட்ட கடனாளியைச் சிறையில் போடக் கூடாது என்று விதி வந்தது. வட்டிக்கு வாங்கித் தவிக்கும் வீடுகளில் இந்தச் செய்தியைச் சொல்லிப் பாருங்கள். அற்புதக் கதைகள் சொல்லாத ஒன்றை அது சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. அவர் எழுதி வைத்த மறையுரைகள் குருக்களுக்காக லத்தீனில் எழுதப்பட்ட பாடக் குறிப்புகள் மாதிரி. சாதாரண வாசகருக்கு அவற்றின் வழியாக அவர் குரலைக் கேட்பது சிரமம். அவர் வாழ்க்கையைத்தான் படிக்க வேண்டும். வனத்து அந்தோணியாரோடு இவரைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். அவர் எகிப்தில் வாழ்ந்த வேறொருவர், அவருடைய திருநாள் ஜனவரி 17.

அடுத்தவர் சிறுமலர் தெரேசம்மாள். குரல் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு இவருக்கு நிகர் வேறு யாரும் இந்தப் பட்டியலில் இல்லை. 1873இல் பிறந்து, 15 வயதில் பிரான்சின் லிசியூ நகரில் கார்மேல் மடத்துக்குள் போய், காசநோயில் 24 வயதில் 1897 செப்டம்பர் 30 அன்று இறந்தார். தலைவியரின் கட்டளைக்காக எழுதிய தன் வரலாறு, கடிதங்கள், கவிதைகள் எல்லாம் கிடைக்கின்றன. 1925இல் புனிதர் பட்டம், 1927இல் சவேரியாரோடு மறைபரப்புப் பணிகளுக்குப் பாதுகாவலர், 1997இல் மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே ஆசிரியர் என்ற பட்டம். மடத்தைவிட்டு வெளியே வராத ஒரு பெண்ணுக்கு இத்தனையும்.

இவருடைய பலம் சின்னச் சின்னச் சங்கடங்களில் இருக்கிறது. செப நேரத்தில் பின்னால் உட்கார்ந்து விநோதமாகச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்த ஒரு சகோதரி. துணி துவைக்கும்போது அழுக்குத் தண்ணீரைத் தொடர்ந்து இவர் முகத்தில் தெறிக்கவைத்த இன்னொருவர். எது செய்தாலும் இவருக்குப் பிடிக்காமல் போன ஒருவர், அவரைப் பார்க்கும்போதெல்லாம் புன்னகை செய்வதென்று இவர் எடுத்த முடிவு. கூட்டுக்குடும்பத்தில் வாழும் பெண்கள் இதைப் படித்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரே குளியலறை, ஒரே அடுப்பு, மின்சாரம் வரும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எல்லா வேலையும் என்று இருக்கும் வீட்டில் பொறுமை எங்கே உடையும் என்று அவருக்குத் தெரியும்.

செபத்தைப் பற்றியும் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தியான நேரத்தில் தூங்கிவிடுவார். தனியாகச் செபமாலை சொல்வது, உடலை வருத்தும் தவக் கருவியைவிடக் கஷ்டமாக இருந்தது என்று எழுதினார். 1896 உயிர்ப்புத் திருவிழாக் காலத்தில் தொடங்கி இறக்கும்வரை, ஏறக்குறைய 18 மாதங்கள், விண்ணகம் என்று ஒன்று இருக்கிறதா என்ற இருட்டிலேயே இருந்தார். அந்த இருட்டில்தான் தொடர்ந்து செபித்தார். செபிக்க உட்கார்ந்தால் மனம் காய்ந்து கிடக்கிறது என்று வருந்துகிறவர்களுக்கு, அப்படி இருந்தும் போய்விடாமல் இருந்த ஒருத்தி துணைக்கு இருப்பது பெரிய ஆறுதல்.

இவரை எடுப்பதில் தடையும் உண்டு. ரோஜா இதழ், சின்னப் பூ, குழந்தை என்று வரும் 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு நடை பலருக்குத் திகட்டும், குறிப்பாக ஆண்களுக்கு. படத்தில் இருக்கும் ரோஜாக்களோடு நின்றுவிடுகிறவர்களும் அதிகம். அவர் எழுத்தின் கடைசிப் பகுதியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள் என்பேன். நோயும் இருட்டும் வந்த பிறகு எழுதியது, அங்கே சர்க்கரை குறைவு. வாடகை, சம்பளம், பிள்ளை வளர்ப்பு என்ற கவலைகள் அவர் வாழ்க்கையில் இல்லை என்பதும் உண்மை. அதற்கு அவருடைய பெற்றோர் இருக்கிறார்கள். கடிகாரக் கடை வைத்திருந்த லூயி மார்ட்டின், பின்னல் துணித் தொழில் நடத்திய செலி. ஒன்பது பிள்ளைகள் பெற்று நான்கு பேரை இளமையிலேயே பறிகொடுத்தவர்கள். 2015இல் தம்பதியாகவே புனிதர் பட்டம் பெற்றார்கள். புதிதாகத் திருமணமானவர்கள் தெரேசம்மாளுக்குப் பதிலாக இவர்களை எடுத்துக்கொண்டால் நான் மகிழ்ச்சியடைவேன்.

தேவசகாயம் பிள்ளையை எடுக்க வேண்டும் என்ற ஆர்வம் 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்ததிலிருந்து இங்கேயும் நிறைய. நம்மூர் மனிதர், நம் பக்கத்துப் பெயர், குருவோ துறவியோ இல்லாத பொதுநிலையினர், திருமணமானவர், அரண்மனை உத்தியோகம் பார்த்தவர். 1712இல் நட்டாலத்தில் நீலகண்டப் பிள்ளையாகப் பிறந்தார். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையில் சேர்ந்த டச்சுக்காரர் டிலனாயோடு பழக்கம். மாடு செத்து, சொத்து கரைந்து, மனம் உடைந்திருந்த நேரத்தில் டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. மனைவி பார்கவி அம்மாளும் பின்னர் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

இதில் என்னை நிறுத்துவது டிலனாய் பகுதிதான். ஒரு நண்பன் துக்கத்தில் இருக்கும் நண்பனிடம் துக்கப்பட்ட இன்னொரு மனிதனின் கதையைச் சொல்கிறான், அதிலிருந்து ஒரு புனிதர் வருகிறார். இந்தக் கட்டுரை எதைப் பற்றியோ அதுவே அங்கே நடந்திருக்கிறது.

ஆனால் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், எருக்கமாலை போட்டு எருமை மேல் ஏற்றியது, மிளகாய்த்தூள் பூசி வதைத்தது, கடைசியில் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றது. கதையின் முடிவு அவ்வளவு பெரியதாக இருப்பதால் மற்றதெல்லாம் அதன் நிழலில் போய்விட்டது. அவர் தன் கையால் எழுதிய எதுவும் நம்மிடம் இல்லை. ஆகவே திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும்போது அவரிடம் எதைப் பேசுவது என்று திகைப்பு வரும். நான் சொல்லும் வழி, 1745க்கும் கைதான 1749க்கும் நடுவில் இருக்கும் அந்த நான்கு ஆண்டுகளைப் பிடித்துக்கொள்வது. வேலைக்குப் போனார், வீடு திரும்பினார், புதிய நம்பிக்கையை மனைவியோடு பகிர்ந்தார், எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார். அந்த நான்கு ஆண்டுகள் நம் அலுவலக வாழ்க்கைக்கு மிகப் பக்கத்தில் இருப்பவை. சாதி பார்ப்பது கடல் தாண்டி வந்தும் நம் கல்யாணப் பேச்சுகளில் இன்னும் இருக்கிறது என்பதால், அவரைத் துணையாக எடுக்கிறவர் அந்த விஷயத்தில் அவரிடம் சங்கடமான பதில்களைக் கேட்கத் தயாராக இருக்க வேண்டும்.

இன்னொன்று. அவர் கதையை மற்ற மதத்தார் மீது எறியும் கல்லாக யாரும் எடுக்க வேண்டாம். நாம் பௌத்தர்கள் நடுவில் சிறுபான்மையாக வாழ்கிறோம், அவர்களில் பலர் நம்மோடு நன்றாக இருக்கிறார்கள். அவரை வதைத்தது ஓர் அரசு. அந்த மனிதரும் கடைசிவரை யாரையும் வெறுக்கவில்லை. அவருடைய திருநாள் ஜனவரி 14, பொங்கல் நேரத்தில் வருகிறது. வீட்டில் சேர்த்தே கொண்டாடலாம்.

நான்காவது பெயரை யாங்கோன் தமிழர்களில் பலர் கேட்டிருக்கவே மாட்டார்கள்: இசிதோர் ஙே கோ லாட். பர்மிய மண்ணில் பிறந்தவர்களில் அருளாளர் பட்டம் பெற்ற முதல் ஆள். 1918இல் திருமுழுக்குப் பெற்றவர். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். குருவாக வேண்டும் என்று இளங்குருமடத்தில் சேர்ந்தார். ஆஸ்துமா விடவில்லை, படிப்பை நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அதோடு ஒடுங்கிவிடவில்லை. டொரோக்கோ என்ற கிராமத்தில் இலவசப் பள்ளி ஒன்று வைத்துப் பிள்ளைகளுக்குப் பர்மிய மொழியும் ஆங்கிலமும் மறைக்கல்வியும் சொல்லிக்கொடுத்தார். 1948இல் இத்தாலியக் குரு மாரியோ வெர்காரா அவரைச் சந்தித்து உபதேசியாராக, அதாவது ஊர்களில் மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவராக, வரச் சொன்னபோது கூடவே போனார். உள்நாட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். 1950 மே மாதம் கயா பகுதியில் ஷாடோவில் இருவரையும் கொன்று, சாக்கில் கட்டி சால்வின் ஆற்றில் போட்டார்கள். 2014 மே 24 அன்று, இத்தாலியில் அவெர்சா நகரில், இருவருக்கும் ஒன்றாக அருளாளர் பட்டம் கொடுக்கப்பட்டது.

அருளாளர் என்றால் புனிதர் நிலைக்கு ஒரு படி முன்னால். பொது வழிபாட்டு வணக்கம் குறிப்பிட்ட மறைமாவட்டங்களுக்கும் சபைகளுக்கும் என்று திருச்சபை வரையறுத்து வைக்கும். கோவிலுக்கு அவர் பெயரை வைப்பது போன்றவற்றுக்கு அனுமதி வேண்டும். ஆனால் தனிப்பட்ட செபத்துக்கு எந்தத் தடையும் இல்லை, அவரிடம் பரிந்துரை கேட்கலாம், படம் வைக்கலாம், பேசலாம்.

இவருடைய குறை வெளிப்படையானது. எழுத்து இல்லை, நவநாள் இல்லை, தேர் இல்லை. வாழ்க்கை வரலாற்றைக் கால் மணி நேரத்தில் படித்து முடித்துவிடலாம். தமிழில் இவருக்கு ஒரு பாட்டு கிடையாது. அற்புதம் கேட்டுப் போகிறவர்களுக்கு இவர் பெயரே ஞாபகம் வராது. தோழமை என்ற அளவுகோலில் மட்டும் பார்த்தால், எனக்கு இவர்தான் முதலில் வருகிறார். அந்த அளவுகோலைத்தானே நாம் எடுத்தோம். பாதியில் படிப்பு நின்றுபோன பிள்ளைகள் இந்த நாட்டில் எத்தனை பேர்! 2020இல் கொரோனாவுக்கும் 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்கும் பிறகு கல்லூரிக் கனவை மடித்து வைத்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். நினைத்தது நடக்காமல் போனவன், கையில் இருந்த கொஞ்சப் படிப்பை வைத்து ஒரு கிராமத்துப் பள்ளியைத் திறந்தான் என்பது அவர்களுக்கு நேராகப் போய்ச் சேரும். அப்புறம், நம்மைப் போலச் சமயத்தில் சிறுபான்மையாக இந்த மண்ணிலேயே வாழ்ந்தவர் அவர். நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமம். பர்மிய மொழியில் நண்பர்களிடம் சொல்லக்கூடிய ஒரு புனிதக் கதை அவர்களிடம் இருப்பது நல்லது.

இந்த மண்ணோடு சேர்ந்த இன்னொருவர் கிளெமென்தே விஸ்மாரா. 1923இல் இத்தாலியிலிருந்து வந்து, கிழக்கு ஷான் மலைகளில் அனாதைப் பிள்ளைகளை வளர்த்து, 1988இல் 90 வயதில் மோங்பிங்கில் இறந்தார். 2011இல் அருளாளர். சந்தோஷமான மனிதர். வயதானவர்கள், வேலை ஓய்வு பெற்றவர்கள் இவரைத் தேடிப் பாருங்கள்.

சரி, முடிவெடுக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். வீட்டில் ஏற்கெனவே அந்தோணியார் பக்தி ஆழமாக இருக்கிறது என்றால் புதிதாக யாரையும் தேட வேண்டாம். அவரையே எடுத்து, மொராக்கோவுக்குப் போன அந்த இளைஞரை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பல ஆண்டுகளாகச் செவ்வாய் தவறாமல் போய்வந்தும் ஒரு மனிதரின் கதை தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. செபத்தில் வறட்சி, வீட்டில் உரசல் என்றால் தெரேசம்மாள். அலுவலகத்தில் தனியாக நின்று நேர்மையைக் காப்பாற்ற வேண்டியவர்கள், சாதி கடந்து திருமணம் செய்கிறவர்கள் தேவசகாயத்தை எடுக்கலாம். ஆசிரியர்கள், உபதேசியார்கள், படிப்பு நின்றவர்கள், உறுதிபூசுதலுக்குப் பெயர் தேடும் பையன்கள் இசிதோரைப் பாருங்கள்.

எடுத்த பிறகு முதல் மாதம் எதையும் கேட்காதீர்கள். இது கடினம், ஏனென்றால் கேட்டே பழகியிருக்கிறோம். இரவு செபத்துக்குப் பிறகு அவர் வாழ்க்கையில் ஒரு பக்கம் படியுங்கள், அன்றைக்கு நடந்ததை அவரிடம் சொல்லுங்கள், அவரோடு சேர்ந்து ஒரு பரலோக மந்திரம். செபம் கடவுளுக்குத்தான் போகிறது, அவர் நம் பக்கத்தில் நின்று கூடச் சொல்கிறார் என்ற நினைவு போதும். கேட்க வேண்டியவற்றை இரண்டாவது மாதத்திலிருந்து கேட்டுக்கொள்ளலாம். அதற்குள் கேட்கும் விஷயமே மாறியிருக்கும் என்பது நான் பலரிடம் பார்த்தது.

ஆண்டு முடிவில் ஆளை மாற்றலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. புனிதர்கள் கோபித்துக்கொள்வதில்லை. மாதத்துக்கு ஒருவர் என்று தாவினால் மட்டும் யாரையும் தெரிந்துகொள்ள முடியாது. கணவனுக்கு ஒருவர், மனைவிக்கு ஒருவர் என்று இருப்பதிலும் தவறில்லை. ஒருவர் படித்ததை மற்றவருக்குச் சொன்னால் வீட்டில் இரண்டு பேர் கூடுவார்கள்.

இசிதோரைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. அவர் இறந்த மே மாதம் மாதாவின் மாதம், வீடு வீடாகச் செபமாலை நடக்கும் நேரம். முடிவில் புனிதர்களின் பெயர்களைச் சொல்லி எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று பதில் சொல்கிறோம் அல்லவா, அங்கே அந்தோணியார் பெயருக்குப் பிறகு இவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டுச் செபத்துக்கு அனுமதி தேவையில்லை. யார் அது என்று கேட்கும் பிள்ளைக்கு அந்தக் கிராமத்துப் பள்ளியின் கதையைச் சொல்லுங்கள்.